பெட்டி மட்டும் கிளம்பியது

ட்ரிங்... ட்ரிங்...!

விருத்தாசலம் பீங்கான் பேட்டை. யூனிட் ஆபீசில் டெலிபோன் அலறியது. தர்மராஜ் எடுத்தான்.

"தர்மராஜா? சன்னதித் தெரு கோமளம் டீச்சர் பேசறேன். ராஜாங்கத்தோட பெட்டி எங்காத்துலயேதான் இருக்கு. யார்கிட்ட குடுக்கறது?"



பெட்டியா...?

ராஜாங்கம் அவனுடைய பார்ட்னர். சிங்கப்பூர் கண்காட்சிக்குக் கிளம்பிய மனிதன். வியாழக்கிழமை காலையில் தண்டவாளத்து ஓரம் பிணமாகக் கிடந்தான்.

"மெட்ராஸ் ரயிலுல நான்தான் சார் ஏத்தி வுட்டேன். பெட்டியக்கூட நான்தான் தூக்கி மேல வெச்சேன். தவறி விழுந்துட்டாரு போலருக்குது..." என்று இன்ஸ்பெக்டர் விருத்தகிரியிடம் தர்மராஜ் கதறியிருந்தான்.

அத்தனையும் புளுகு!

ராஜாங்கம் ஸ்டேஷனையே மிதிக்கவில்லை. சூளைக்குப் பின்னால், இரும்புக் கம்பியால் மண்டையில் ஒரே போடு. பிறகு வேனில் ஏற்றித் தண்டவாளம்.

எதற்கு? ராஜாங்கம் பயண இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தான். பயணத்தில் விபத்தில் செத்தால் பெரிய தொகை. கல்யாணமாகாத ஆள் நாமினியாகப் போட்டது... தர்மராஜை!

"பெட்டி எப்படிங்க டீச்சர் உங்க வூட்டுல...?"

"புதன்கிழமை வடக்கே சூலம். அன்னிக்கு அந்தத் திசையில கிளம்பினா ஆகாது. அதான் திங்கக்கிழமையே நல்ல நேரம் பார்த்து பரஸ்தானம் வெச்சான். பெட்டி வாசப்படி தாண்டி வேற ஆத்துக்கு வந்துட்டா, பயணம் அப்பவே ஆரம்பிச்சாச்சுன்னு கணக்கு. புதன்கிழமை போறச்சே எடுத்துக்கறேன்னான். பாஸ்போர்ட், ப்ளேன் டிக்கெட் எல்லாம் இதுக்குள்ளதான்..."

அடப்பாவி! பெட்டி எங்கே என்று கேட்டதற்கு, "அது முன்னாடியே கிளம்பிடுச்சு" என்று சிரித்தானே! பார்சலில் அனுப்பிவிட்டான் என்றல்லவா தர்மராஜ் நினைத்தான்!

"போலீசுக்குச் சொன்னீங்களா?"

"எனக்கெதுக்குப்பா அந்த வம்பெல்லாம்? தனியா இருக்கற மனுஷி. நீயே வந்து எடுத்துண்டு போ."

தனியா...!

"இதோ வரேங்க."

டீச்சர் வீட்டுக் கூடத்தில் அந்த நீலப் பெட்டி இருந்தது. பக்கத்தில் கோமளம் டீச்சர்.

தர்மராஜ் கதவைத் தாழிட்டான்.

"கதவை ஏம்ப்பா சாத்தறே?"

"இந்தப் பெட்டி இங்க இருக்கறது வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"ஏன் கேக்கறே...?"

தோளில் கிடந்த துண்டை உருவி முறுக்கினான்.

"பெட்டி ரயிலேறிடுச்சுன்னு போலீசுல சொல்லிட்டேன் டீச்சர். நீங்க வாயத் தொறந்தா எனக்குத் தூக்குதான்."

"ஐயோ... அப்போ ராஜாங்கத்தை நீதான்...?"

"ஆமா! நான்தான் அடிச்சேன்! அந்த இன்ஷூரன்ஸ் பணம் வந்தாத்தான் எனக்குப் பொழப்பு!"

துண்டு அவள் கழுத்தில் விழுந்தது... இறுகியது...

"கையை எடுடா!"

சமையலறையிலிருந்து விருத்தகிரி! கையில் ரிவால்வர்! பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள், இன்ஷூரன்ஸ் ஆபீசர் சாருலதா.

தர்மராஜின் கையிலிருந்து துண்டு நழுவியது.

"டீச்சர் காலையிலயே ஸ்டேஷனுக்கு வந்துட்டாங்க," என்றார் விருத்தகிரி. "நீ மேல தூக்கி வெச்ச பெட்டி இங்க எப்படிடா வந்துச்சு? அதைக் கேக்கத்தான் போன் போடச் சொன்னேன்."

சாருலதா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பாலிசியைப் படிச்சுப் பாத்தீங்களா?"

"பயணத்துல செத்தா பணம்னு..."

"வெளிநாட்டுப் பயணத்துல! மீனம்பாக்கத்துல ப்ளேன் ஏறி நாட்டை விட்டுக் கிளம்பினாத்தான் அந்தப் பாலிசிக்கே உயிர் வரும். விருத்தாசலத்துல செத்தவருக்கு ஒரு பைசா கிடையாது. அதுலயும் நாமினியே கொன்னா, எந்த ஊர்ல செத்தாலும் கிடையாது!"

தர்மராஜ் பொத்தென்று அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்தான். சும்மாவே ஒரு உயிரை எடுத்திருக்கிறான்!

விருத்தகிரி விலங்கை மாட்டினார். திடீரென்று நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

"இன்னைக்கு சனிக்கிழமை... கிழக்கே சூலமாச்சே டீச்சர்! இவனைக் கடலூர் ஜெயிலுக்கு எப்படிக் கூட்டிக்கிட்டுப் போறது?"

கோமளம் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"தாராளமா அழைச்சுண்டு போங்கோ! நல்லபடியா திரும்பி வரணும்னு நெனைக்கறவாளுக்குத்தானே சூலமெல்லாம்!"