டன்பார் வீட்டுப் பால்கனி

டெலிபோன் அலறியது.

அடுப்பில் மீன் வறுத்துக்கொண்டிருந்த இஷபல் கையைத் துடைத்தபடி ஓடிவந்து எடுத்தாள்.

"அக்கா!"

தம்பி ரோரி. குரல் நடுங்கியது.

"என்னடா ஆச்சு?"

"தப்பா சொல்லிட்டேன்கா... கூட்டம் கத்துச்சு. கோல்ஃப் பந்து குழியில விழுந்துடுச்சுன்னு முதலாளி டன்பார்கிட்ட சொன்னேன். அவன் மொத்தப் பணத்தையும் பந்தயத்துல கட்டிட்டான். பந்து விழல! ஒரு நாய் மைதானத்துக்குள்ள பூந்து பந்தைக் கவ்விக்கிட்டு ஓடியிருக்கு... அதுக்குத்தான் கத்தியிருக்காங்க. இப்ப டன்பார் பால்கனிக்கு வர்றான்... வேண்டாம் சார்... வேண்டாம்...!"

ஒரு அலறல்!

லைன் செத்துப்போனது.

அடுப்பில் மீன் கருகியது. இஷபல் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றாள்.

கருங்கல் படிக்கட்டில் மண்டை உடைந்து செத்துக் கிடந்த ரோரியைப் போலீஸ் எடுத்துப்போனது. இரண்டு வாரம் விசாரித்தது. பிறகு ஃபைலை மூடியது.

"உங்க தம்பி பால்கனியில எட்டிப் பார்த்திருக்கார். சறுக்கியிருக்கு. டன்பார் அப்ப உள்ள இருந்ததா சொல்றார்" என்றாள் இன்ஸ்பெக்டர் ஷீனா லோகி.

"போன்ல நான் கேட்டேனே மேடம்!"

"'வேண்டாம் சார்'னு கேட்டீங்க. தள்ளினதைக் கேட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர் ஃபைலை ஓரமாகத் தள்ளினாள்.

"எனக்கும் அந்த ஆளைப் பிடிக்கலை. ஆனா பார்த்த சாட்சி இல்ல. அவரே வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு."

"சொல்ல வைக்கிறேன்" என்றாள் இஷபல்.

இன்ஸ்பெக்டர் பரிதாபமாகச் சிரித்தாள்.

சிரிக்கட்டும்!

*

ஒரு வருஷம் ஓடியது.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் கில்ரோனியில் மீன் கடைகூட அந்த வாரம் கோல்ஃப்தான் பேசியது. உலகமே பார்க்கும் ஓப்பன் போட்டி ஊருக்கு வந்திருந்தது.

கிரெய்க் டன்பாருக்கும் வேட்டைக் காலம் வந்திருந்தது.

அவன் தொழில் ரொம்ப எளிது. டிவியில் வரும் ஆட்டம், நிஜ ஆட்டத்தைவிட இருபது முப்பது நொடி பின்தங்கித்தான் வரும். டன்பாரின் வீடோ பதினெட்டாவது குழிக்குப் பக்கத்திலேயே இருந்தது. எந்தப் போட்டி வந்தாலும் அவன் பால்கனிக்கு நேர் எதிரே கேலரியைக் கட்டி மறைத்துவிடுவார்கள். கண்ணுக்குக் கேலரியின் முதுகுதான் தெரியும். ஆனால் காதை யார் மறைக்க முடியும்? கூட்டம் போடும் கூச்சல் அவன் பால்கனிக்கு முதலில் வந்துவிடும். லேப்டாப்பில் பந்தயம் கட்டிவிட்டு உட்கார்ந்தால், டிவி அப்புறம் சாவகாசமாக அதைக் காட்டும்.

கூச்சலைப் பிரித்துச் சொல்ல நல்ல காது வேண்டும். அதற்குத்தான் ரோரியை வைத்திருந்தான்.

அந்தக் காலியிடத்துக்கு வந்து நின்றாள் இஷபல்.

"நீயா?" டன்பாரின் புருவம் ஏறியது. "உன் தம்பி செத்த வீட்டுக்கு வேலை கேட்டு வர்றே?"

"அவன் காலு சறுக்கினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க சார்? எனக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கே. நாங்க ரெண்டு பேரும் இந்த மைதானத்து ஓரத்துலதான் வளர்ந்தோம். அவனுக்கு இருந்த காது எனக்கும் இருக்கு."

சொல்லும்போதே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது அவளுக்கு. ஒரு வருஷமாக விழுங்கிய விஷத்தை இன்னும் நாலு நாள் விழுங்கத்தான் வேண்டும்.

"நாய் குரைச்சா கண்டுபிடிப்பியா?" என்றான் டன்பார்.

"நாயா இருந்தா சத்தத்துல சிரிப்பு கலந்திருக்கும் சார். ரோரி அவசரக்காரன்."

டன்பார் சிரித்தான். அவளைச் சேர்த்துக்கொண்டான்.

வியாழன், வெள்ளி, சனி... மூன்று நாளும் அவள் சொன்னது ஒன்றுகூடப் பிசகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் டன்பார் அவளுக்குத் தன் கையாலேயே விஸ்கி ஊற்றிக் கொடுத்தான். அவள் அதை ஜன்னலோரப் பூந்தொட்டிக்கு ஊற்றினாள்.

*

ஞாயிறு காலை. கேலரிக்குப் பின்னால் இருந்த டீக்கடை.

ரோரியின் சிநேகிதன் டூகி மட்டன் பை என்ற பலகாரத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். உடம்பு பீப்பாய். குரல் கப்பல் சங்கு. பக்கத்தில் எஃபி. சிவப்புத் தொப்பி, சிவப்பு உதடு.

"என்ன வேணா செய்யறேன் இஷபல்" என்றான் டூகி. "அந்த ஆளைக் கடல்ல தூக்கிப் போடணுமா, சொல்லு, போடறேன். ஆனா ஆட்டக்காரன் மட்டையைப் பிடிச்சு நிக்கும்போது மட்டும் கத்தச் சொல்லாதே. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்!"

"கொலைகூடப் பண்ணுவான். கோல்ஃபுல சத்தம் போட மாட்டான்" என்றாள் எஃபி.

"நீ கத்தவே வேண்டாம்டா. கடைசி ஆட்டக்காரன் புல்தரையில பந்தைச் சுத்தி வந்து, குந்தி உக்காந்து தரையோட வாட்டம் பார்ப்பான் இல்ல? அப்ப மேல் வரிசையில மண்டி போடு. அது போதும்."

"மண்டியா? எதுக்கு?"

இஷபல் குனிந்து அவன் காதில் சொன்னாள்.

டூகியின் முகம் விளக்குப் போட்டது போல் ஆனது. எஃபி அவன் முழங்கைக்கு ஒரு குத்து விட்டாள்.

"இந்த வயசுலயாவது ஒழுங்கா கேக்கறானான்னு பார்ப்போம்!"

*

சாயங்காலம். கடல் காற்று கேலரியிலிருந்து நேராகப் பால்கனிக்கு அடித்தது. காதுக்கு ஏற்ற காற்று.

டிவியில் வர்ணனையாளர் கிசுகிசுத்தார்.

"நார்வேயின் ஹல்வர்... கடைசிக் குழி... பந்தை வெகு தூரத்திலிருந்து தட்ட வேண்டும். விழுந்தால் கோப்பை அவருக்கு! விழாவிட்டால் ஏற்கெனவே ஆடி முடித்துக் காத்திருக்கும் ஐரிஷ் வீரருடன் சமம்... வெற்றியாளரை முடிவுசெய்ய பிளே-ஆஃப் ஆட்டம்!"

டன்பார் லேப்டாப்பை மடியில் வைத்திருந்தான். நெற்றியில் வியர்வை.

"இன்னிக்கு எல்லாத்தையும் இறக்கப்போறேன். இந்த வீட்டையும் அடகு வெச்சாச்சு."

"வீட்டையுமா சார்?"

"அவ்ளோ தூரத்துலேருந்து தட்டினா விழாதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க. அதனால 'பிளே-ஆஃப் இல்லை'ன்னு கட்டறவனுக்குப் பந்தயக் கம்பெனிக்காரன் ரெண்டு மடங்குக்கு மேல தர்றான். பந்து விழுந்த சத்தம் கேட்டதும் கட்டினா... ஊரையே வாங்கிடலாம்! எல்லாம் உன் காதுலதான் இருக்கு கண்ணு... தப்பாச் சொன்னே..."

முடிக்கவில்லை. பால்கனி கைப்பிடியை மட்டும் ஒரு முறை பார்த்தான்.

இஷபலும் அதைப் பார்த்தாள். முகத்தில் எதையும் காட்டவில்லை.

டிவியில் ஹல்வர் அப்போதுதான் பந்தை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

அந்த நேரம்...

"ஆஆஆஆஹ்ஹா!"

கேலரி வெடித்தது! கைதட்டல்! விசில்! மரப்பலகைகளில் கால்கள் தடதடத்தன. பால்கனிக் கண்ணாடி அதிர்ந்தது.

"என்ன? என்ன? சொல்லு!"

இஷபல் கண்ணை மூடிக் கேட்டாள்.

"விழுந்துடுச்சு சார்."

"நாய் இல்லையே?"

"நாய்க்கு யாராவது 'ஆஹா' சொல்வாங்களா? சந்தோஷக் கூச்சல் சார்! கட்டுங்க!"

டன்பாரின் விரல்கள் லேப்டாப்பில் பாய்ந்தன. பிளே-ஆஃப் இல்லை. மொத்தமும்! திரையில் பச்சை எழுத்து மின்னியது. பந்தயம் ஏற்கப்பட்டது.

"ஹா!" நாற்காலியில் சாய்ந்தான். "இப்ப டிவியைப் பாரு கண்ணு. அற்புதம் நடக்கும்!"

டிவியில் ஹல்வர் குந்தி உட்கார்ந்து வாட்டம் பார்த்தான்.

அதே கூச்சல் டிவியிலும் வெடித்தது.

ஹல்வர் தட்டவே இல்லை! திடுக்கிட்டு எழுந்தான். திரும்பிப் பார்த்தான். அவனும் சிரித்துவிட்டான். கேமரா கேலரியின் மேல் வரிசைக்குப் போனது. பீப்பாய் உடம்புக்காரன் ஒருவன் மண்டி போட்டிருந்தான். சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி அவன் வழுக்கையில் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சம்மதம் சொல்லிவிட்டார்!" வர்ணனையாளர் சிரித்தார். "கில்ரோனியில் ஒரு கல்யாணம் நிச்சயம்! சரி, அமைதி... ஹல்வர் மறுபடி தயாராகிறார்."

டன்பாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பந்தயத்தைத் திரும்பப் பெற முயன்றான். முடியவில்லை. ஹல்வர் பந்தைத் தட்டி முடிக்கும்வரை எல்லாம் பூட்டப்பட்டிருந்தது.

தலை நிமிர்ந்தான். இஷபல் அங்கே இல்லை.

பால்கனியில் நின்றிருந்தாள். ரோரி நின்ற அதே இடம். கைப்பிடியில் முதுகைச் சாய்த்து, அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கேலரிக்கு அப்பால் மைதானத்து மஞ்சள் சட்டைக்காரர்கள் அமைதி கேட்டு இரண்டு கையையும் மேலே தூக்கியிருப்பார்கள். அவளுக்குப் பார்க்கத் தேவையில்லை. சத்தம் வடிவது காதிலேயே தெரிந்தது. பேச்சு நின்றது. இருமல் நின்றது. இருபதாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கடற்பறவை மட்டும் ஒரு தரம் கத்தி ஓய்ந்தது.

இஷபல் ரகசியம் பேசும் குரலில் பேசினாள்.

"பொய் சொல்லிட்டேன் டன்பார்."

"ஏய்..."

"ஒரு நாய்க்காக என் தம்பி செத்தான். ஒரு முத்தத்துக்காக நீ தெருவுக்கு வந்தாச்சு."

டன்பார் பாய்ந்து வந்தான். அவள் கோட்டுக் கழுத்தைக் கொத்தாகப் பற்றினான். அவள் முதுகு கைப்பிடிக்கு வெளியே வளைந்தது. கீழே கருங்கல் படிக்கட்டு. இஷபல் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். பயம்தான்... ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"என்ன பண்ணிடுவே? பயந்தாங்கொள்ளி. ரோரி தானாத்தானே விழுந்தான்?"

டன்பாருக்கு நரம்பு புடைத்தது. எல்லாம் மறந்தது. வாய் முழுக்கத் திறந்தது.

"தானாவா விழுந்தான்? உன் தம்பியை இதே பால்கனியிலேருந்து நான்தான்டி தள்ளினேன்! உன்னையும் தள்ளுவேன்!"

இருபதாயிரம் பேரின் மௌனத்தில் அந்தக் குரல் கண்ணாடி விழுந்து உடைந்தது போல் கேட்டது.

டக்!

மட்டை பந்தைத் தொட்ட சத்தம். அதற்குப் பின்...

"ஓஓஓஓ..."

கூட்டம் பெருமூச்சு விட்டது. இதற்குப் பொருள் சொல்ல யாருடைய காதும் தேவையில்லை.

கேலரியின் மேல் வரிசையில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எல்லாம் பால்கனியைப் பார்த்தன. டன்பாரின் கை தானாகத் தளர்ந்தது. இஷபல் கோட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"டிவியைப் பாருங்க சார். அற்புதம் நடக்கும்."

டிவியில் ஹல்வர் பந்துக்கு மேல் குனிந்து நின்றான். ஆழ்ந்த அமைதி. மட்டை பின்னால் போனது...

"உன் தம்பியை இதே பால்கனியிலேருந்து நான்தான்டி தள்ளினேன்! உன்னையும் தள்ளுவேன்!"

தன் குரலை டன்பார் டிவியில் கேட்டான்.

புல்தரை ஓர மைக் ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. ஹல்வரின் கை துள்ளியது. பந்து குழியின் உதட்டை நக்கி விலகி நின்றது. கோல்ஃபில் யார் கத்தினாலும் அடித்தது அடித்ததுதான். மறுபடி அடிக்க விடமாட்டார்கள்.

"என்ன இது?" வர்ணனையாளர் திணறினார். "யாரோ... கொலையா...? எப்படியோ... பந்து விழவில்லை. பிளே-ஆஃப்!"

லேப்டாப்பில் சிவப்பு எழுத்து. பந்தயம் தோற்றது.

டன்பார் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

சில நிமிஷத்தில் வாசல் கதவு தடதடவென இடிபட்டது. இன்ஸ்பெக்டர் ஷீனா லோகி மைதானக் காவலுக்கு இருந்த இரண்டு கான்ஸ்டபிள்களுடன் மூச்சிரைக்க ஏறிவந்தாள். சட்டைப்பையில் கேலரி டிக்கெட் துருத்திக்கொண்டிருந்தது.

"நாலாவது வரிசையில இருந்தேன். லீவு போட்டுட்டு ஆட்டம் பார்க்க வந்தா இங்கயும் வேலை!" என்றவள் டன்பாரைப் பார்த்தாள். "போன வருஷம் சாட்சி இல்லைன்னு ஃபைலை மூடினேன். இப்ப இருபதாயிரம் சாட்சி. எல்லாரையும் உக்கார வைக்க கோர்ட்டுல இடம்தான் இல்ல."

இஷபல் பக்கம் திரும்பினாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது."

"பரவாயில்ல மேடம். இன்னைக்கு நான் சிரிச்சுக்கறேன்" என்றாள் இஷபல். ஆனால் அவள் கன்னம் நனைந்திருந்தது. ரோரி போன நாளிலிருந்து அழாமல் வைத்திருந்த அழுகை.

விலங்கு மாட்டும்போது டன்பார் முனகினான்.

"பாழாப்போன ரெண்டு பேரு... இன்னிக்குன்னு பார்த்தா கல்யாணம் பேசணும்..."

"யாரு, டூகியும் எஃபியுமா?" இஷபல் மூக்கை உறிஞ்சினாள். "அவங்களுக்குக் கல்யாணமாகிப் பேத்தியே ஸ்கூலுக்குப் போறா சார்!"

டன்பார் வெறிபிடித்தவன் போல் கத்தினான்.

"இது சதி! என் வக்கீலைக் கூப்பிடுங்க! வக்கீலை...!"

இஷபல் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"ஷ்ஷ்... மெல்லப் பேசுங்க சார். வெளிய பிளே-ஆஃப் ஆரம்பிச்சிடுச்சு!"