நடுங்காத கோடு

இந்தக் கை இவ்வளவு மெதுவாகப் போயிருக்காது, என்று பூங்கோதை நினைத்தாள். போயிருக்கவும் கூடும். அந்தப் பெண் பொய் சொல்கிறாளோ என்னவோ.

படத்தை மறுபடியும் ஓட்டினாள். பனியன் ஆலையின் தையல் வரிசை. மேற்பார்வையாளனின் நீலக் கோட்டுருவம், புகார் கொடுத்த சரசாளின் மஞ்சள் உருவத்தை நெருங்குகிறது. அவன் கை எழுந்து, ஈயை விரட்டுவதுபோல் அவள் கன்னத்தோரம் மிதந்து, இறங்குகிறது.

வேலையிடத்தில் எவர் முகமும் பதிவாகக் கூடாது என்ற சட்டம் வந்தபின் கேமராக்கள் எல்லாம் வரைவிகளாகிவிட்டன. பிடித்த காட்சியை உடனே கோட்டுப்படமாக வரைந்துவிட்டு, அசலை அழித்துவிடும். விசாரணையில் அந்தப் படம்தான் சாட்சி. நடந்தது நடந்தபடி வரையப்பட்டிருக்கிறது என்று சரிபார்ப்பாளரான பூங்கோதை கையெழுத்திட வேண்டும்.

எதிரே உட்கார்ந்திருந்த சரசாள் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கக்கா, அதுல தெரியலீங்களா? பளார்னு வெச்சானுங்க. காதே அடைச்சுப் போச்சு."

விசாரணை அதிகாரி நல்லசிவம் சிரித்தார். "ஈ ஓட்டறாப்புல இருக்குதும்மா. பொய்ப் புகார்னு ஆச்சுன்னா வேலை போயிரும், தெரியுமில்ல?"

பூங்கோதை ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். கை எழும் முன் மஞ்சள் உருவத்தின் காதில் ஒரு தொங்கட்டான். கை இறங்கியபின் அது காதில் இல்லை. இரண்டு தையல் இயந்திரங்கள் தள்ளித் தரையில் கிடந்தது.

மிதந்து வந்த கை அதை அவ்வளவு தூரம் தெறிக்க வைத்திருக்காது. வரைவிகள் வந்த புதிதில், கோடு நடுங்குகிறது, கண் வலிக்கிறது என்று எல்லோரும் குறை சொன்னார்கள். கால் நொடிக்குள் முடிகிற அசைவை நடுக்கமாகக் கொண்டு மெதுவாக்கி இழைத்துவிடு என்று வரைவிக்கு விதி எழுதியவள் பூங்கோதைதான். படம் பட்டுபோல் ஓடியது. பாராட்டினார்கள். கன்னத்தில் ஓர் அறை விழக் கால் நொடிகூட ஆகாது.

இரண்டு வருடங்களில் நூற்றுக்கணக்கான படங்களில் கையெழுத்திட்டிருக்கிறாள். ஒன்றிலும் யாரும் யாரையும் அடித்ததில்லை. ஆலைகள் திருந்திவிட்டன என்று நம்பியிருந்தாள். அப்படி நம்புவது சுகமாகவும் இருந்தது.

"சார், வேகமா நடக்கறத வரைவி இழைச்சுருதுங்க. அந்த விதி நான் எழுதினது."

நல்லசிவத்தின் சிரிப்பு நின்றது. சரசாளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப நீங்க இதுவரைக்கும் போட்ட கையெழுத்து? அத்தனையும் தோண்டுவாங்கம்மா. மொதல்ல உங்களைத்தான் கூப்பிடுவாங்க. பேசாம போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

அவர் சொன்னது சரிதான். பயமாகத்தான் இருந்தது. பூங்கோதை கையெழுத்துப் படிவத்தை அவர் பக்கமே நகர்த்தினாள்.

"இல்லீங்க சார். போடறதா இல்ல."