திரையின் உட்புறம் ஒரு கை

சிஸ்டம் பார்க்கிற வேலைக்கு அவள் சேர்ந்து கைப்பை வைக்க இடம் தேடுவதற்குள் மேனேஜரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது.

பழைய கட்டிடம் அது. மேல்மாடி முழுவதும் அலுவலகம். நீண்ட நடையின் கடைசியில் சர்வர் அறை, அதற்கு நேர் எதிரே மேனேஜரின் கண்ணாடி அறை. அந்த இரண்டு கதவுகளுக்கும் நடுவே வரும்போது மட்டும் ஊழியர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நடையை எட்டிப் போடுவதை அவள் கவனித்தாள். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

"வாங்க, சிஸ்டம் மேடம்," என்றார் மேனேஜர், தலையை நிமிர்த்தாமல். "இந்தச் சனியன் பேசிக்கிட்டிருக்கும்போதே படுத்துடுது. கோடு கோடா வருது, அப்புறம் ஒரேயடியா கருப்பாயிடுது. அடுத்த வாரம் தலைமை ஆபீசோட மீட்டிங். அதுக்குள்ள சரி பண்ணலைன்னா நீங்க வேற இடம் பார்த்துக்கலாம்."

வந்ததும் வராததுமாக இப்படியா என்று உள்ளுக்குள் நொந்தபடி அவள் லேப்டாப்பை வாங்கிக்கொண்டாள். கணவருக்கு வேலை போனதிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவதே அவள் சம்பளத்தில்தான்.

பழகிய வியாதிதான் இது. திரையில் கோடு விழுந்து உயிர் போனால், ஒன்று படம் காட்டும் கிராபிக்ஸ் சிப்பை இயக்குகிற டிரைவர் மென்பொருள் கெட்டிருக்கும். இல்லையென்றால் அந்தச் சிப்பே சூடேறிச் செத்துக்கொண்டிருக்கும். டிரைவரை வேரோடு கழற்றிப் புதியதைப் போட்டாள். பிறகு அதையும் எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டுப் பார்த்தாள். வேறொரு மானிட்டரில் இணைத்தாள். அவள் மேஜையில் இருந்த நேரமெல்லாம் அது பசு மாதிரி சாதுவாக ஓடியது. மேனேஜர் கைக்குப் போனதும் செத்தது.

அடிப்பலகையைக் கழற்றினாள். விசிறியில் பஞ்சு போல அடைத்திருந்த தூசியைத் தட்டி, சிப்பின் மேல் காய்ந்துபோயிருந்த, சூட்டைக் கடத்தும் பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவலாம் என்று விரலை வைத்தவள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

இப்போதுதான் செத்த மெஷின். தொட்டால் சுட வேண்டும்.

ஐஸ் கட்டியைத் தொட்டது போலிருந்தது.

"நீங்க வேலை பாருங்க சார், நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கிறேன்," என்றாள் மறுநாள். மேனேஜர் முனகிக்கொண்டே தட்டச்சு செய்தார். திரையின் ஓரத்தில் சிப்பின் வெப்பநிலையைக் காட்டும் எண்ணை அவள் ஓட விட்டிருந்தாள். அது இறங்கத் தொடங்கியது. அறையின் வெப்பத்துக்கும் கீழே. பூஜ்யத்துக்கும் கீழே.

விசிறியின் இரைச்சல் மெலிந்து, யாரோ பல்லிடுக்கில் சீட்டி அடிப்பது போல இழுபட்டது.

கோடுகள் விழுந்தன. கோடுகளுக்குப் பின்னால் திரை மங்கியது. அவள் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. மங்கல் வெளியே இல்லை, உள்ளே இருந்தது. மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி போல.

அந்த மூட்டத்தில் ஒரு உள்ளங்கை பதிந்தது.

மேனேஜர் படாரென்று மூடியை அறைந்து சாத்தினார்.

"பார்த்தீங்களா சார்?"

"எதை? ஒண்ணுமில்லை. டிரைவர் பிரச்சினை." அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. "வேற லேப்டாப் கொடுங்க. புதுசு."

புதுசு வந்தது. உறை பிரித்து, அவர் கை பட்ட உடனே இரண்டு உள்ளங்கைகள் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே, ஒரு வாய் இருக்க வேண்டிய இடத்தில், மூட்டம் பெரிதாகிச் சிறிதாகிப் பெரிதானது.

கழிவறைப் பக்கம் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் அவள் போய் நின்றாள். "அக்கா, எனக்கு முன்னாடி இந்த வேலைல யாரு இருந்தா?"

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். நடையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு பையன். விசில்னு கூப்பிடுவோம். எந்நேரமும் சீட்டி அடிச்சுக்கிட்டே வேலை பார்க்கும், பாவம். ஒருநாள் சர்வர் ரூமுக்குள்ள இருக்கும்போது புகை வந்துச்சு. தீய அணைக்க அங்க ஒரு கேஸ் இருக்குல்ல? அதைத் திறந்தா ரூமே உறைஞ்சு போயிடும். மூச்சு விடக் காத்து இருக்காது. வாட்ச்மேன் அண்ணன் தள்ளி நின்னு பட்டன்ல கைய வச்சுக்கிட்டு, 'உள்ள யாராவது இருக்காங்களா'ன்னு கத்துனாரு. நம்ம சாரு கதவு முன்னாடியே நின்னாரு. 'யாரும் இல்லை, திறந்து விடு'ன்னாரு."

"தெரியாமச் சொன்னாரா?"

"கதவு உள்ள இருந்து திறக்கலை போல, கண்ணாடில கை தெரிஞ்சுதும்மா. தட்டுன சத்தம் எனக்கே கேட்டுச்சு. கதவைத் திறந்தா தீ பரவி உள்ள இருக்கிறதெல்லாம் போயிடுமாம். மெஷின் போனா திரும்ப வராதாம்." அக்கா துடைப்பத்தைத் திரும்பக் கையில் எடுத்தாள். "அப்படியே போயிடுச்சு அந்தப் பிள்ளை. நான் சொன்னேன். புகைல உனக்குக் கண்ணு தெரியலைன்னுட்டாங்க. ஏழை சொல் எங்க அம்பலம் ஏறுது?"

ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அன்றே போயிருப்பாள், ஆனால் வீடு கண் முன்னால் வந்து நின்றது. தவிர, மெஷின் விஷயத்தில் தோற்றுப் போவது அவளுக்குப் பழக்கமில்லை. மீட்டிங் அன்று காலையில் கிராபிக்ஸ் சிப்பையே அணைத்துவிட்டு, அது இல்லாமலே படத்தைக் காட்டும் வெறும் அடிப்படை டிரைவரில் லேப்டாப்பை ஓட விட்டாள். வரைவதற்குச் சிப்பே இல்லாதபோது அந்தக் கை எதைக் கொண்டு வரும்?

உச்சி வெயில் நேரம். கண்ணாடி அறைக்குள் மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு திரையைப் பார்த்துச் சிரித்துப் பேசினார். அவள் வெளியே காத்திருந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

பிறகு அவர் உதடுகள் நின்றன.

சீட்டி ஒலி கேட்டது. மூடிய கதவைத் தாண்டி, மெதுவாக, வேலையில் மூழ்கியவன் தன்னை மறந்து அடிக்கும் சீட்டி.

மேனேஜர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கழுத்துப் பட்டையைப் பிய்த்தார். கதவுக்கு ஓடி வந்து இழுத்தார். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது. ஆனாலும் திறக்கவில்லை.

அவள் வெளியே இருந்து கைப்பிடியைப் பற்றினாள். தோல் ஒட்டிக்கொள்ளும் குளிர்.

கண்ணாடியின் உட்புறம் வெண்மை படர்ந்தது. அவர் வாய் திறந்து திறந்து மூடியது. உள்ளங்கையால் அறைந்தார். சத்தம் கேட்டது. பிறகு அதுவும் மெலிந்தது. வெண்மை அவரை முழுவதும் மறைத்தது.

சத்தம் கேட்டு வாட்ச்மேன் கோடாலியோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். "மேடம், கண்ணாடிய உடைக்கட்டுமா? உள்ள யாராவது இருக்காங்களா?"

சார் இருக்கார், உடைங்க என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"யாரும் இல்லை."

ஆண் குரல். அவள் தொண்டையிலிருந்து வந்தது.

வாட்ச்மேனின் கையிலிருந்து கோடாலி நழுவி விழுந்தது. அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"டேய்... விசிலு..." என்றார், அழாத குறையாக. "எனக்குத் தெரியாதுடா. சத்தியமா எனக்குத் தெரியாது."

அவளுக்குள் இருந்தது கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் அழுந்தியிருந்த கை வழுக்கி இறங்கியது. அது மறைந்த பிறகு வேறொரு கை, மெலிந்த கை, உள்ளிருந்து பனியை நிதானமாகத் துடைத்துவிட்டது. அந்த இடைவெளி வழியே அவள் பார்த்தாள். தரையில் மேனேஜர் கிடந்தார். அவரைத் தவிர அறையில் எவரும் இல்லை. மேஜை மேல் லேப்டாப் பளிச்சென்று, ஒரு கோடு கூட விழாமல் ஓடிக்கொண்டிருந்தது. தலைமை அலுவலகத்து ஆள் ஒருவர் அதில் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, "ஹலோ, நாங்க பேசுறது கேட்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவு தானாகத் திறந்தது.

மாரடைப்பு என்றார்கள். உடம்பு ஏன் இவ்வளவு சில்லிட்டிருக்கிறது என்று கேட்ட டாக்டருக்கு, ஏசியை அதிகமாக வைத்திருப்பார் என்று யாரோ பதில் சொன்னார்கள். வாட்ச்மேன் அன்றோடு வேலையை விட்டுப் போனார். போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்தாள்.

வழியெல்லாம் ஒன்றைத்தான் தனக்குள் சொல்லிக்கொண்டாள்: நான் சொல்லவில்லை, அது என் குரலே இல்லை. ஆனால் அந்தச் சொல் வாயை விட்டுப் போனபோது, நெடுநாள் அடைபட்ட மூச்சு வெளியேறியது போல அவளுக்கு இதமாக இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அந்தி சாய்கிற நேரம். கணவர் பால் காய்ச்சி மேஜையில் வைத்திருந்தார். அம்மா சீக்கிரம் வந்த சந்தோஷத்தில் மகள் மடியில் ஏறிக்கொண்டாள்.

"சுடுதும்மா. ஊதிக் கொடு."

வீட்டுக்கு வந்தாயிற்று என்ற நிம்மதியோடு அவள் ஆவி பறக்கும் டம்ளரை வாயருகே கொண்டுபோய் ஊதினாள்.

ஆவி அடங்கியது. பாலின் மேல் ஏடு படிவது போல ஏதோ படிந்தது. டம்ளர் விரல்களில் ஒட்டிக்கொண்டது.

மகள் குனிந்து பார்த்தாள். பால் கல்லாக உறைந்திருந்தது.

"ஐ! ஐஸு!" குழந்தை கை தட்டிச் சிரித்தது. "இன்னொரு தடவை ஊதும்மா. என் முகத்துல ஊது."