பாடு கேட்ட குரல்

கார்த்திகை பிறந்தால் திருகோணமலைக் கடல் தன் நீலத்தை மறந்துவிடும். வாடைக்காற்று வடக்கிலிருந்து இறங்கி, மலையுச்சிக் கோயிலின் மணியொலியையும் துறைமுகக் கப்பல்களின் ஊதலையும் ஒன்றாய்க் குழைத்து நகரின்மேல் தூவும். வானம் கூரையளவுக்குத் தாழும். மீனவர் வலைகளை உலர்த்திக் கட்டிவிட, நெடுங்கரை நோன்பிருப்பதுபோல் ஆளற்றுக் கிடக்கும்.

அத்தகைய ஒரு பிற்பகலில், லிங்கநகர்ப் புஷ்பவதி ரீச்சரும் அவர் கணவர் சுகிர்தனும் மகளின் கலியாணத்துக்கு ஹோட்டல் பார்க்கப் போனார்கள். தர்சிகா ஒரே பிள்ளை. தையில் அவளைத் தன் கையால் தாரை வார்த்துக் கொடுப்பதொன்றே, ஓய்வுபெற்ற நில அளவையாளரான சுகிர்தனுக்கு வாழ்வில் எஞ்சியிருந்த ஆசை.

பெரிய ஹோட்டல்கள் இரண்டு மனத்தில் இருந்தன. துறைமுகத்தை நோக்கிய ஹோட்டலைக் காலையிலேயே பார்த்தாயிற்று. பளிங்கும் குளிரும் நிறைந்த இடம். கடல் மட்டும் எட்டத்தில் கிடந்தது. தர்சிகாவோ, மணவறை கடலோரமாக இருக்கவேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். நிலாவெளி ஹோட்டல்தான் அதற்குத் தோது.

"துறைமுகத்தடியிலயே வைப்பம். நிலாவெளி தூரம்," என்றார் சுகிர்தன், மூன்றாம் தடவையாக.

"மாப்பிள்ளை கனடாவிலயிருந்து வாறார். நீங்கள் நிலாவெளிக்குப் போகப் பஞ்சிப்படுறியள்!"



நிலாவெளியில் மேலாளர் றுவைஸ் குடையோடு ஓடிவந்தார். "வாங்க சேர், வாங்க ரீச்சர். தையில மழை விட்டிரும். விடாட்டி கடலே வந்து அறுகரிசி போட்டு வாழ்த்திட்டுப் போகும்!" என்று சிரித்து, கடலைப் பார்த்த மண்டபத்தில் இருவரையும் இருத்திவிட்டுத் தேநீர் சொல்லப் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. மழை இருட்டிக்கொண்டு இறங்கியது. புதுப் பூச்சின் வாசனையை விலக்கிக்கொண்டு வேறொரு மணம் எழுந்தது. ஊறிய கயிறு, அழுகிய பாசி, மீன் செதில்.

"பாடு."

ஆண்குரல். தொண்டைக்குள் நீர் தேங்கிய குரல்.

புஷ்பவதி கணவரைப் பார்த்தார். அவர் உதடுகள் அசையவில்லை.

"பாடு."

முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பண்ணிசை கற்பித்தவர் புஷ்பவதி. பாடு என்று எவர் கேட்டாலும் மறுத்தறியாதவர். மங்கலம் நடக்கவிருக்கும் இடத்தில் தெய்வமே கேட்கிறது என்று நெஞ்சுருகி, கைகூப்பிப் பதிகமொன்றை எடுத்தார்.

முதலடியில் விளக்குகள் மங்கின. இரண்டாமடியில், அவர் குரலுக்கு அடியில் வேறோர் ஓசை சேர்ந்தது. பலர் மூச்சடக்கி எதையோ இழுக்கும் ஓசை.

வாடைக்காலத்தில் அந்தக் கரையில் எவரும் வலை இழுப்பதில்லை.

பளிங்குத் தரையில் ஈரமணல் தடங்கள் தோன்றின. அவை வாசலிலிருந்து வரவில்லை. மண்டபத்தின் நடுவில் முளைத்து, சுகிர்தனின் கதிரையை நோக்கி ஒவ்வொன்றாய் நகர்ந்தன.

"நிப்பாட்டும், புஷ்பம்," என்று கிசுகிசுத்தார் சுகிர்தன். "அது உம்மைப் பாடச் சொல்லேல்ல."

"அப்ப?"

"பாடு கேக்குது. கரைவலைப் பாடு. வலை இழுக்கிற உரிமையுள்ள கரை." அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. "இந்த இடம் கரைவலை முதலாளி தம்பிராசாச் சம்மாட்டியின்ர பாடு. பரம்பரையா வலை இழுத்த கரை. காணியை அளந்தனான் நான்தான். படத்தில பாடு எண்டு குறியாமல், வெறுங்காணி எண்டு கீறிக் கையெழுத்து வைச்சனான்."

"ஐயோ, ஏன்?"

"பெரிய ஆக்கள் கேட்டவை. செய்தனான்."

"அந்த மனிசன்?"

"வேலி போட்ட அண்டு என்ர கையைப் பிடிச்சு அழுதவர். உதறிப்போட்டன். வலைக்கயித்தை இடுப்பில சுத்திக்கொண்டு கடலுக்கை இறங்கினவர். உடம்பும் கிடைக்கேல்ல."

தடங்கள் நின்றன.

சுகிர்தனின் இரு கைகளும் முன்னே வெடுக்கென்று நீண்டன. கண்ணுக்குத் தெரியாத கயிறொன்று உள்ளங்கைகளை உரசி ஓடியது, தோல் கிழிந்தது. கதிரையோடு சேர்ந்து அவர் கடற்பக்கக் கண்ணாடியை நோக்கி இழுபட்டார்.

புஷ்பவதி அவர் தோளைக் கட்டிப் பிடித்தார். "தம்பிராசா அண்ணை! என்ர பிள்ளை என்ன பாவம் செய்தவள்? அவளைத் தாரை வார்க்க இந்தக் கைதானே வேணும்! விடுங்கோ!"

இழுவை நின்றது. மழையும் நின்றது.

புஷ்பவதியின் செவியோரம் ஈரக் குளிர்.

"இந்தக் கைதானே?"

சுகிர்தனின் விரல்கள் ஒவ்வொன்றாய் மடங்கின. முடிச்சு இறுகுவதுபோல், நிதானமாக.

றுவைஸ் தேநீரோடு வந்தபோது இரண்டு கைகளும் கல்லாய் மூடியிருந்தன. எந்த மருத்துவராலும் அவற்றைத் திறக்க ஏலவில்லை. தர்சிகா அதன்பின் கடலோர மணவறை கேட்கவில்லை.

தையில், துறைமுக ஹோட்டலில் கலியாணம் நடந்தது. ஐயர் தந்தையை அழைத்தபோது சுகிர்தன் மூடிய கைகளோடு தலைகுனிந்து இருந்தார். தாய்மாமன் துவாரகனே தாரை வார்த்தார். அப்போது சுகிர்தனின் மூடிய விரலிடுக்குகளிலிருந்து சொட்டிய நீரைப் புஷ்பவதி மட்டும் கண்டார். மணலும் உப்பும் கலந்த நீர்.

அவர் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பின்னர் திருநீறெடுத்துக் கண்மூடி, கடலில் போனவனையும் கரையில் இருப்பவனையும் ஈசனிடமே ஒப்புவித்து, கணவரின் நெற்றியில் பூசினார்.

மணமக்கள் தந்தையின் காலில் விழுந்தார்கள். சுகிர்தன் வாழ்த்த வாய் திறந்தார்.

அவர் வாயிலிருந்து வந்தது, நிலாவெளியில் பாடு கேட்ட அதே நீர் தேங்கிய குரல்.

"நல்லா இருங்கோ, பிள்ளையள்."