பன்னிரண்டாவது சுக்ராம்

ட்ரிங்... ட்ரிங்...

எதிர்முனையில் எடுக்கவில்லை. லீமா விடவில்லை. ஏழாவது முறையாக அழைத்தாள்.

எச்.ஐ.வி. பரிசோதனை வண்டியில் ஒன்பது வருஷமாக ஆலோசகர். போன வெள்ளிக்கிழமை, ஒரே ஒரு நாள் லீவு போட்டாள். நாத்தனார் கல்யாணம். அவளுக்குப் பதிலாக வந்த வெளியூர் ஆள் நோட்டில் எழுதி வைத்திருந்த லட்சணம் இது:

சுக்ராம் மாஜி, வயது 26, ஒடிசா.

அடுத்த வரி... சுக்ராம் மாஜி, வயது 26, ஒடிசா.

இப்படியே பன்னிரண்டு வரி! பன்னிரண்டுக்கும் ஒரே போன் நம்பர்!

ரிசல்ட் வாங்க ஒருத்தரும் நிற்கவில்லை. பன்னிரண்டு ரத்தத்தில் ஒன்றில் எச்.ஐ.வி. இருந்தது.

எந்தச் சுக்ராம்?

"அலோ" என்றது போன்.

"சுக்ராம்ங்களா?"

"இல்ல. செராமிக் கம்பெனி சூப்பர்வைசர் சுப்புராயன். பசங்க எல்லாருக்கும் என் நம்பருதான். என்னா விஷயம்?"

"டெஸ்ட் வண்டியிலேருந்து லீமா பேசறேன். சுக்ராமுகிட்ட குடுங்க."

சுப்புராயன் குரலைத் தாழ்த்தினார்.

"ரிசல்ட்டு வந்துடுச்சா? எங்கிட்ட சொல்லுங்க."

"அதெல்லாம் அடுத்தவங்ககிட்ட சொல்லக் கூடாதுங்க."

"நாலு மணி ரயிலுக்கு அத்தினி பேரும் ஊருக்குப் போறானுவ. மழை முடிஞ்சுதான் வருவானுவ. என்னான்னு சொல்லிடுங்களேன்."

லீமா போனை வைத்தாள். மணி பன்னிரண்டரை.

ஆளைப் பிடிக்காவிட்டால், மாத்திரை போட்டு நூறு வயசு வாழ வேண்டியவன், விஷயமே தெரியாமல் ரயிலேறிவிடுவான்!

"கோகுலு, டெஸ்ட் கிட்டுப் பெட்டிய எடு."

லேப் டெக்னீஷியன் கோகுலகிருஷ்ணன் பரிதாபமாகப் பார்த்தான். "அக்கா, இன்னும் ரசமே ஊத்தல."

"ஒன் ரசத்துக்காவ ரயிலு நிக்காது. ஏறு."

ஆட்டோ பறந்தது. இன்று வண்டி நின்ற ஜங்ஷனிலிருந்து கம்பெனி வரை அதன் சக்கரம் தரையில் பட்டதற்குச் சாட்சியே கிடையாது!

கம்பெனிக்குள்... பீங்கான் பொம்மைகளுக்கு உயிர் வந்த மாதிரி பதினோரு பேர். உச்சி முதல் பாதம் வரை வெள்ளை மண்தூள். பெற்ற தாயே வந்தாலும், நாலு பேரைத் தப்பாகக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுத்தான் சொந்தப் பிள்ளையிடம் போவாள்!

"இதுல சுக்ராமு யாருப்பா?"

ஒரு பொம்மை கை தூக்கியது. நாலு வருஷத் தமிழ் அதற்கு.

"எதுக்குப்பா எல்லாரும் ஒம் பேரைச் சொன்னீங்க?"

"கார்டு இல்லன்னா டெஸ்ட் பண்ண மாட்டாங்கன்னு பயம் மேடம். எல்லா ஆதாரும் சூப்பர்வைசர் சார் பீரோவுல இருக்குது. ரயிலு ஏறும்போதுதான் குடுப்பாரு. எங்கார்டு மட்டும் கையில இருந்துச்சு. அன்னிக்கு வண்டி கேட்டுக்கு எதுத்தாப்புலதான் நின்னுச்சு. சாப்பாட்டு நேரத்துல ஒருத்தன் திரும்பி வந்ததும் அதை வாங்கிட்டு அடுத்தவன் ஓடுவான்."

"ரிசல்ட்டு வாங்காம வந்துட்டீங்களே?"

"மணி அடிச்சிட்டாங்க. கேட்டு மூடுனா அரை நாள் கூலி போச்சு."

லீமா தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க வண்டியில கார்டே கேக்க மாட்டோம்பா."

கேட்டருகே சுப்புராயன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கடித்த வேகத்துக்கு விரலே மிச்சமிருக்குமா என்பது சந்தேகம்.

"யாருக்குன்னு தெரிஞ்சா எங்கிட்ட சொல்லுவீங்களா மேடம்?"

"அவருகிட்ட மட்டுந்தான் சொல்லுவேன்."

பேக்கிங் ரூம். கதவு சாத்தி, ஒவ்வொருவராக மறுபடி ரத்தம்.

முதல் ஆள்... இல்லை.

ஐந்தாவது... இல்லை.

பதினோராவது... அவனுக்கும் இல்லை!

கோகுல் விழித்தான். "அக்கா, நோட்டுல பன்னெண்டு இருக்குதே."

கதவு திறந்தது.

சுப்புராயன் உள்ளே வந்து, தாழ்ப்பாள் போட்டு, மேஜை மேல் ஒரு கார்டை வைத்தார். சுக்ராமின் ஆதார்.

"அன்னிக்கு சாயங்காலம் அவங்கிட்டேருந்து புடுங்குனேன். ரெண்டு கை தூளை அள்ளி மூஞ்சில பூசிக்கிட்டு நானும் வண்டிக்குப் போனேன். வாயே தொறக்கல."

சொல்லிவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்!

லீமா கார்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க உள்ளூரு. தமிழ் தெரியும். ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாமே?"

"அங்க சீட்டு எழுதுறது எங்க சித்தப்பா மவன்மா. பொழுது சாயறதுக்குள்ள ஊரே பேசும்."

அரை மணி கழித்து ரிசல்ட் உறுதியானது. சுப்புராயன் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மாத்திரை இருக்குது, காசு கெடையாது" என்றாள் லீமா. "தெனம் போட்டா பேரன் கல்யாணத்துல பந்தி பரிமாறலாம். வூட்டுல அவங்களையும் டெஸ்ட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. எங்க ரெண்டு பேரைத் தாண்டி விஷயம் போவாது."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பீரோ சாவியை எடுத்துக்கொண்டு போனார். ஐந்தாவது நிமிஷம் சுக்ராமின் கார்டும் மற்ற பத்துக் கார்டும் உரியவர்கள் கையில் இருந்தன. திரும்பி வந்து தயங்கி நின்றார்.

"மாத்திரை வாங்க எப்பம்மா வரணும்?"

"மாசாமாசம். காலையில எட்டுலேருந்து பன்னெண்டுக்குள்ள."

"அது ஷிப்டு நேரமாச்சே. லீவு எப்படிக் கெடைக்கும்?"

"ஒங்க சூப்பர்வைசருகிட்ட கேட்டுப் பாருங்க" என்றாள் லீமா. "ஆனா அந்தாளு ரொம்பக் கறாருன்னு பசங்க சொல்றாங்க."