எலி கடித்த கட்டில்

பொன்ஸ் தன் மனைவியை 'நீங்க' என்றான். அதுதான் முதல் கோளாறு.

"முழிச்சிட்டீங்களா?"

கல்யாணமான நாளிலிருந்து கழுதை என்றுதான் கூப்பிடுவான். மெங்கார்தாவுக்கும் அதில் குறையில்லை. காய்ச்சல் இறங்கியிருந்தது. வேர்வை காய்ந்த கம்பளியின் நெடி, கூரையிலிருந்து பனி வழுக்கி விழும் ஓசை, சுவருக்கு அப்பால் ஆடுகள் அசைபோடும் மெல்லிய அரைப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அடுப்பின் வாசனை மட்டும் வரவில்லை.

"பசிக்குதுய்யா. முட்டைக்கோஸ் கஞ்சி இருந்தா குடு."

அவன் மண்டியிட்டு மூன்றுமுறை தலை தாழ்த்தினான். "எங்களை ஆசீர்வதிங்க."

"குடிச்சிருக்கியா?"

"நேத்து நீங்க பினாத்திட்டுக் கெடந்தப்ப நல்லவரைக் கூட்டியாந்தேன். தலைமேல புத்தகத்தை வச்சு ஜெபிச்சாரு. கரையேறிட்டீங்க."

திருச்சபை ஆயரின் ஆட்களுக்குத் தப்பி ஆட்டுக்கிடைகளில் ஒளிந்து திரியும் துறவிகளைத்தான் அந்த மலையூர் நல்லவர் என்றது. அவர்கள் போதனை அவளுக்கும் மனப்பாடம். உடம்பு சாத்தான் பிசைந்த மண். சாகக் கிடப்பவரின் ஆன்மாவை நல்லவர் அதிலிருந்து கழற்றிவிடுவார். அப்புறம் அவரும் வணங்கத்தக்க புனிதர், தண்ணீர் மட்டும்தான். ஒரு வாய் தின்றாலும் ஆன்மா மறுபடி ஏதாவதொரு வயிற்றில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

"நான் சாகலையே பொன்ஸ். பொழைச்சிட்டேன்."

"அப்படித்தான் தோணும்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்பாவும் இதையேதான் சொன்னாரு."

சென்ற குளிர்காலத்தில் மாமனார் கிடந்ததும் இதே கட்டிலில்தான். ரொட்டி ரொட்டி என்று அவர் கதறியபோது வெளியே முக்காலி போட்டுக் காவலிருந்து, "சும்மா கெடங்க மாமா, சொர்க்கம் கெட்டுரும்" என்று அதட்டியவள் மெங்கார்தாதான். ஊரே மெச்சியது.

எழுந்தாள். கால் துவண்டு கட்டிலிலேயே விழுந்தாள்.

"ஒரே ஒரு துண்டு. யாருக்கும் தெரியாது."

"உங்களைப் பன்னிக்குட்டியாப் பொறக்க விட்டுருவேனா?" அவன் குரலில் அத்தனை அன்பு. இத்தனை காலத்தில் முதல் முறையாக.

கதவைச் சாத்தினான். வெளியே முக்காலி இழுபட்டது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். மண்டியிடும் பாவாடைகளின் சரசரப்பு. ஆசீர்வதிங்க. ஆசீர்வதிங்க. அவள் அலறினாள். யாரோ விசும்பினார்கள், சந்தோஷத்தில்.

இருட்டியது. விடிந்தது. எந்த வீட்டிலோ பன்றிக்கொழுப்பு உருகியது. மறுபடி இருட்டியது.

பசி.

மறுபடி வெளிச்சம் வந்தபோது கட்டில் சட்டத்தைப் பார்த்தாள். தலைமாட்டில் மரம் குதறப்பட்டிருந்தது. மாமனாரைப் புதைத்த பிறகு எலி கடித்ததென்று நினைத்து அவளே பொறி வைத்த இடம். எலி ஒன்றும் சிக்கவில்லை.

விரலால் தடவினாள். அகலமான பள்ளங்கள். வரிசையாக.

வாயை வைத்துப் பார்த்தாள்.

பொருந்தியது.