ஒச்சாயியம்மாள் மறந்த வசனம்

மதுரை கோரிப்பாளையம் சிக்னலைப் பார்த்தாற்போல மாடியில் இருக்கும் துப்பறியும் அலுவலகத்துக்குள் அந்த அம்மாள் நுழைந்ததும் உதவியாளர் தமிழ்வாணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வராதா பின்னே? நாற்பது வருடமாகத் திரையில் தலையைக் காட்டினாலே ஊரைச் சிரிக்கவைத்த ஒச்சாயியம்மாள் அல்லவா! ஆனால் எழுபத்தாறு வயதான அந்த முகம் இன்று வெளிறிப்போயிருந்தது.

“எனக்குப் புத்தி பெசகிருச்சாம்யா. இன்னைக்குச் சாயந்தரமும் வசனம் தப்புனா என்னையத் தூக்கிட்டுக் கூட நடிக்கிற ரோகிணியப் போடப் போறாக. அதுக்குப் பொறவு என்னைய யாரு கூப்புடுவா?”

கோச்சடையில் படப்பிடிப்பு நடக்கும் நகைச்சுவைத் தொடர் அது. கல்யாணக் காட்சியில் அவர் சொல்லவேண்டியது, ‘கல்யாணம் முடியட்டும், பொறவு அழுகுறேன்.’ நேற்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னதோ, ‘கருமாதி முடியட்டும், அப்பால அழுகுறேன்.’ மூன்று நாளில் இது மூன்றாவது தப்பு.

துப்பறிவாளர் வெள்ளைத்துரை எதற்கும் அவசரப்படாத மனிதர். அம்மாள் கொண்டுவந்திருந்த வசனத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவரிடமே நீட்டினார். “கொஞ்சம் வாசிங்கம்மா.”

“கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்.”

கண்ணாடி அவர் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஐயோ பாவம், நிஜமாகவே மறதிதான் போல என்று தமிழ்வாணி நினைத்துக்கொண்டாள்.

கூட வந்திருந்த, அவர் வீட்டிலேயே இருக்கும் தங்கை மகள் மீனா எழுந்தாள். “மாத்திரை நேரம் சார். லேட்டானா மயக்கம் வந்துரும், அப்பால நான்தான் அல்லாடணும்.”

அவர்கள் படியிறங்கியதும் தமிழ்வாணி துள்ளினாள். “அண்ணே, ‘அப்பால’ங்கிறது மெட்ராஸ் பேச்சு! ரோகிணி மெட்ராஸ்காரி. அவதான் தாளை மாத்திருக்கா!”

“தாள் சரியாத்தானம்மா இருக்கு,” என்றார் வெள்ளைத்துரை.

நான்கு மணிக்குக் கோச்சடையில் இயக்குநர் முத்துக்குமரன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன கூத்துன்னா சார், செட்டுல நான் புதுசா ஒரு வசனம் சொன்னா ஒரே டேக்குல முடிச்சிருவாக. முதநாள் குடுத்து அனுப்புறதுதான் தப்புது.”

வெள்ளைத்துரை மேக்கப் அறையில் அவரையும் ரோகிணியையும் மீனாவையும் உட்காரவைத்தார். பிறகு ஒச்சாயியம்மாளைப் பார்த்து, “சொல்லலாமாம்மா?” என்று கேட்டார். அவர் தலைகுனிந்து, சரி என்றார்.

“அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. கண்ணாடி வெறும் சாக்கு. வீட்டுல ஒருத்தர் வாசிக்க, காதால வாங்கி மனப்பாடம் பண்ணுறாக. மறதி வந்தவுகளுக்குப் புதுசுதான் மொதல்ல போகும். இவுகளுக்கு இப்பச் சொன்னது நிக்கிது, வீட்டுல படிச்சது தப்புது. அதோட, தானா தடுமாறுனா மதுரைப் பேச்சுல்ல வந்திருக்கணும்? ‘அப்பால’ எங்கிருந்து வந்துச்சு? கேட்டதை ஒரு எழுத்துப் பிசகாமச் சொல்லிருக்காக. கல்யாணத்தைக் கருமாதியாக்குனது வேணும்னே. ‘பொறவு’ மட்டும், வாசிச்சவங்க அறியாமலே அவங்க வாயில மாறிருச்சு. ஆபீசுலயும் நீங்க ‘அப்பால’ன்னுதான சொன்னீங்க? அம்மாகிட்டக் கேட்டேன், இருபது வருசம் மெட்ராஸ்ல குடும்பம் நடத்துன வாயாச்சே, மீனா?”

மீனா உடைந்து அழுதாள். “போன மாசம் செட்டுல பெரியம்மா நெஜமாவே மயங்கி விழுந்தாங்க. நடிப்புன்னு எல்லாரும் கை தட்டுனீங்க! வெளிய சொல்லாதேன்னு பெரியம்மாதான் என் வாயை அடைச்சிட்டாங்க. வேலை போனாலாவது உசுரு நிக்கும்னுதான்...”

முத்துக்குமரன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அடி கூறுகெட்டவளே!” ஒச்சாயியம்மாள் அதட்டினார். “நான் விழுந்தா நாலு பேரு தூக்கிருவாக. மூணு நாளா என்னைய நானே கிறுக்கின்னு நெனச்சுக் கெடந்தேனே, அதுக்கு என்னடி பண்ணுவ?” கோபம் தீர மூச்சு வாங்கினார். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். “கேமரா பக்கத்துல நில்லு. நான் நெஜமா விழுந்தா நீ கத்து. இனி மறைக்க மாட்டேன்.”

காட்சி தொடங்கியது.

“கல்யாணம் முடியட்டும், பொறவு அழுகுறேன்!” என்ற ஒச்சாயியம்மாள் கண்ணீர் வழிய மணமேடையில் சாய்ந்தார். மொத்த யூனிட்டும் வெடித்துச் சிரித்தது.

முத்துக்குமரன் மட்டும் மீனாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஒன்றுமில்லை என்று தலையசைத்த பிறகுதான் கை தட்டினார்.